எண்ணெய் தடவி உருண்டாலும்: தாடிக்கு விளக்கெண்ணெய்

அக்கா மகனுக்கு இருபது வயது. போன பொங்கலுக்கு விடுதியிலிருந்து ஊருக்கு வந்தவன் கன்னம் இரண்டும் மினுமினுத்தன. கிட்டே போனதும் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. விளக்கெண்ணெய்.

"என்ன மாப்பிள்ளை, குழந்தைக்குத் தடவுவதை எடுத்து நீ தடவிக்கொண்டிருக்கிறாய்?"

"தினமும் ராத்திரி தடவினால் மூன்று மாதத்தில் தாடி அடர்த்தியாகிவிடுமாம், மாமா."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான்."

அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: தாடி அடர்த்தியாகிறதோ இல்லையோ, தலையணை உறை அடர்த்தியாகிவிட்டது, இரண்டு முறை சோடாவில் ஊறவைத்தும் கறை போகவில்லை என்று.

அவனைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. அவன் வயதில் நானும் இதே வேலையைச் செய்தவன். அப்போது கைப்பேசிக் காணொளிகள் கிடையாது. விடுதியில் பக்கத்து அறைக்காரன் சொன்னதே வேதம். ஒரு மாதம் விடாமல் தடவினேன். முகவாயில் மூன்று பருக்கள் வந்தன. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சாலைப் புழுதி முழுக்க முகத்தில் ஒட்டியது. தாடி மட்டும் தனக்கு எப்போது தோன்றியதோ அப்போதுதான் வந்தது, ஐந்தாறு வருடம் கழித்து. இன்று அந்தத் தாடியில் பாதி நரைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இப்போது அதே விளக்கெண்ணெயை நான் மறுபடி வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், நாளைக்கு ஒரு சொட்டு, அதுவும் வேறொரு எண்ணெயோடு கலந்து. எதற்காக என்பதை மாப்பிள்ளைக்கு அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன். அதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்ளலாம். சேலம் மாவட்டத்தில் எங்கள் பக்கம் ஆமணக்கைக் கொட்டைமுத்து என்பார்கள். சில ஊர்களில் முத்துக்கொட்டை. தனிப்பயிராகப் போடுவதைவிட, கடலைக் காட்டையோ மஞ்சள் காட்டையோ சுற்றி வரப்போரமாக நட்டிருப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பயிரைத் தின்னும் புழுவின் தாய் அந்துப்பூச்சி பயிரை விட்டுவிட்டு ஆமணக்கின் அகன்ற இலையில் முட்டையிடும். அந்த இலையைக் கிள்ளி அழித்துவிட்டால் பயிர் தப்பும். இதே மாவட்டத்து ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறது. உலகில் ஆமணக்கு அதிகம் விளையும் நாடு இந்தியாதான் என்றாலும் அதில் பெரும்பங்கு குஜராத்தினுடையது.

என் அம்மாயி கொட்டைமுத்து எண்ணெயை வீட்டிலேயே காய்ச்சுவாள். விதையை வறுத்து, உரலில் போட்டு இடித்து, அந்த விழுதைத் தண்ணீரில் கொதிக்கவிடுவாள். எண்ணெய் மேலே மிதந்து வரும். அகப்பையால் வழித்து வேறு சட்டியில் ஊற்றி, ஈரத்தின் சடசடப்பு அடங்கும்வரை மறுபடி காய்ச்சுவாள். வீடு முழுக்க இரண்டு நாள் வாசனை நிற்கும். அதை நறுமணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணெய் பல வேலைக்குப் போகும். விளக்குக்கு, வண்டு விழாமலிருக்கத் துவரம்பருப்புக்கு, பேரப்பிள்ளைகளின் வயிறு சுத்தமாக, சூடு தணிய உச்சந்தலைக்கும் தொப்புளுக்கும், வைக்கோல் கரியோடு குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மையாக. இந்தக் கடைசி வேலையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாடிக்கும் வண்டி அச்சுக்கும் தொடர்பு இருக்கிறது.

விதையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆமணக்கு விதையைப் பார்த்தால் இரத்தம் குடித்து உப்பிய உண்ணி போலவே இருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் 'ரிசினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணி என்றுதான் பொருள். அந்த விதைக்குள் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. நல்ல வேளையாக அது எண்ணெயில் கரைவதில்லை. பிழிந்த பிறகு புண்ணாக்கோடு தங்கிவிடுகிறது. அதனால்தான் கடலைப் புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு எருவாகப் போகிறது. ஆகவே 'இயற்கை வைத்தியம்' என்று விதையையே அரைத்து முகத்தில் பூசும் யோசனை யாருக்காவது இருந்தால் இன்றே கைவிட்டுவிடவும். கடையில் வாங்கும் எண்ணெய்க்கு இந்தப் பயம் வேண்டாம்.

கொக்கி போட்ட எண்ணெய்

தேங்காய், எள், கடலை, ஆமணக்கு என்று எந்த விதையெண்ணெயை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்ற சிறு கட்டையில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்கும். மூன்று பல் உள்ள சீப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வால் தொங்குகிறது என்பதில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம். தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். குட்டையான, நேரான வால். நல்லெண்ணெயில் ஓலியிக், லினோலியிக் என்ற நீண்ட வால்கள்.

விளக்கெண்ணெயின் கதை தனி. அதன் வால்களில் 85 முதல் 90 சதவீதம்வரை ஒரே அமிலம், ரிசினோலியிக் அமிலம். பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள அந்த வாலில் பன்னிரண்டாவது கார்பனில் ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். சமையலறையில் நாம் புழங்கும் வேறு எந்த எண்ணெயிலும் இந்தக் கொக்கி இந்த அளவுக்கு இல்லை. இந்த எண்ணெயின் நல்லது கெட்டது எல்லாமே அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது.

கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் எண்ணெய் கெட்டியாகிறது. அறை வெப்பத்தில் நல்லெண்ணெயைவிடச் சுமார் பத்து மடங்கு மெதுவாக ஓடும். (சுறுசுறுப்பில்லாதவனை நம் ஊரில் 'விளக்கெண்ணெய்' என்று வைவதன் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் யூகம்.) ஒரு பரப்பின்மேல் தடவினால் வழுக்கி விழாமல் படலமாக ஒட்டி நிற்கும். மாட்டுவண்டி அச்சுக்கு அது பொருந்தியது அதனால்தான். முதல் உலகப்போர்க் கால விமான எஞ்சின்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றியதும் அதனால்தான். காஸ்ட்ரால் என்ற எஞ்சின் எண்ணெயின் பெயரே காஸ்டர் ஆயில், அதாவது விளக்கெண்ணெயிலிருந்து பிறந்தது. இன்னொரு விசித்திரம், மற்ற தாவர எண்ணெய்கள் ஆல்கஹாலோடு எளிதில் கலக்காது, இது கலக்கும். வாசனைத் திரவியம் கலந்த பழைய காலத்துத் தலைமுடி, மீசைப் பூச்சுகளில் விளக்கெண்ணெய் இடம்பிடித்தது அந்தக் குணத்தால்தான்.

இனி தாடிக்கு வருவோம்.

தாடி ஏன் முரடாக இருக்கிறது?

தலைமுடியையும் தாடிமயிரையும் ஒவ்வொன்று பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். வலிக்கும், ஆனால் வித்தியாசம் தெரியும். தாடிமயிர் தடிப்பு. விரலில் உருட்டினால் ஒழுங்காக உருளாது, ஏனென்றால் அதன் குறுக்குவெட்டு பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. தட்டையாகவோ முக்கோணம் போலவோ இருக்கும். அதனால் அது வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, பக்கத்து மயிரோடு சிக்கிக்கொள்கிறது.

மயிர்த்தண்டின் வெளிப்புறம் கூரை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியிருக்கும். செதில்கள் படிந்திருந்தால் தொட வழவழப்பு. கிளம்பி நின்றால் சொரசொரப்பு. சோப்பு, உப்புத்தண்ணீர், வெயில், தலைக்கவசத்தின் பட்டை, எப்போதும் முகவாயைத் தடவிக்கொண்டேயிருக்கும் நம் கை எல்லாம் செதில்களைக் கிளப்பிவிடுகிற வேலையைச் செய்கின்றன.

ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. முகத்தில் அது நன்றாகவே சுரக்கும். மூன்று நாள் தாடிக்கு அந்தச் சுரப்பு போதும். விரற்கடை நீளம் தாண்டிய தாடியில் எண்ணெய் அடியிலேயே நின்றுவிடுகிறது. சுருண்ட மயிரின் நுனிவரை ஏறுவதில்லை. அதனால் ஒரே தாடியில் அடித்தோல் பிசுபிசுப்பாகவும் நுனி தேங்காய் நார் மாதிரியும் இருக்கும். வெளியிலிருந்து எண்ணெய் கேட்பது அந்த நுனி.

விளக்கெண்ணெய் அங்கே என்ன செய்கிறது? மயிரின்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. செதில்களைப் படியவைக்கிறது. குளித்தபின் மயிர் குடித்து வைத்திருக்கும் ஈரம் உடனே ஆவியாகிவிடாமல் தடுக்கிறது. மயிரும் மயிரும் உரசும்போது நடுவில் மசகாக நிற்கிறது, அம்மாயி வண்டி அச்சுக்குப் பூசிய அதே வேலை. சீப்பு சிக்காமல் இறங்குகிறது, பிளந்து உடையும் நுனிகள் குறைகின்றன. பறந்து நிற்கும் மயிர்கள் தங்கள் இடத்தில் படிந்து உட்காருகின்றன. மெழுகு வாங்காமலேயே மீசை நுனியை ஓரளவு முறுக்கிவிடலாம். பளபளப்பும் மற்ற எண்ணெய்களைவிடக் கூடுதல். நரைத்த தாடிக்கு இந்தப் பளபளப்பு ஒரு மரியாதையைக் கொடுக்கிறது என்பது என் சொந்தக் கருத்து. என் மனைவிக்கு வேறு கருத்து.

விளக்கெண்ணெய் மயிருக்கு உள்ளே அதிகம் போவதில்லை. கெட்டியும் கொக்கியும் அதை வெளியிலேயே நிறுத்திவிடுகின்றன. உள்ளே போவதில் கெட்டிக்காரன் தேங்காயெண்ணெய். 2003இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைத் தேங்காயெண்ணெய் ஒன்றுதான் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது. அதன் குட்டையான நேர் வால் மயிர்த்தண்டுக்குள் நுழைய வசதியானது என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆகவே இரண்டையும் கலந்தால் ஒன்று உள்ளே போய் வேலை செய்யும், மற்றது வெளியே காவல் நிற்கும். நம் பாட்டிகள் தலைக்குக் காய்ச்சிய எண்ணெயில் தேங்காயெண்ணெயோடு கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்தது வெறும் பழக்கம் அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் வளராதா?

மாப்பிள்ளை கேட்ட கேள்வி இதுதான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இந்த ஆசை அவனோடு தொடங்கியதல்ல. ஏறக்குறைய பொ.ஆ.மு. 1550 காலத்து எகிப்திய மருத்துவச் சுவடியான எபர்ஸ் பாப்பிரசில் ஆமணக்கு பற்றிய குறிப்பு இருக்கிறது. பெண்களுக்குக் கூந்தல் வளர அதன் விதையை எண்ணெயில் சேர்த்துத் தலையில் தடவச் சொல்கிறது. மூன்றாயிரத்து ஐந்நூறு வருடமாக மனிதன் நம்பிக்கொண்டிருக்கிற விஷயம். ஆனால் விளக்கெண்ணெய் தடவினால் தாடி முளைக்கும் என்று மனிதர்களிடம் முறையாகச் சோதித்து நிறுவிய ஆதாரம் இன்றுவரை இல்லை.

தாடி முளைப்பது தோலுக்கு அடியில் நடக்கும் காரியம். கன்னத்தில் எத்தனை மயிர்க்கால்கள் என்பது நாம் பிறக்கும்போதே முடிவாகிவிட்டது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊறத் தொடங்குகிறது. மயிர்க்காலில் இருக்கும் ஒரு நொதி அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அது தட்டி எழுப்பும்போது, பூனைமுடி விட்டுக்கொண்டிருந்த மயிர்க்கால் தடித்த கறுப்பு மயிரை விடத் தொடங்குகிறது. எந்த மயிர்க்கால் எப்போது எழும் என்பது பரம்பரை எழுதிய கணக்கு. பெரும்பாலும் மேலுதடு முதலில், மற்ற இடங்கள் பிறகு. சிலருக்கு இந்த வேலை முப்பது வயதுவரை நீள்கிறது. இரண்டு பேருக்கு ஹார்மோன் ஒரே அளவில் இருந்தும் ஒருவருக்கு அடர்ந்த தாடியும் இன்னொருவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதற்கு மயிர்க்காலின் உணர்திறன்தான் காரணம், ஆண்மைக் குறைவு அல்ல. இதைக் கல்லூரிப் பையன்களுக்கு யாராவது உரக்கச் சொன்னால் புண்ணியம்.

'உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு உருண்டாலும் ஒட்டுகிற மண்தான் ஒட்டும்' என்று நம்மவர்கள் சொன்னது செல்வத்தைப் பற்றி. தாடிக்கும் சரியாகவே பொருந்துகிறது.

இணையத்தில் சிலர் அறிவியல் பெயர்களோடு வாதாடுவார்கள், அதற்கும் பதில் வேண்டும். 2012இல் ஜெர்மனி ஆய்வாளர்கள், விளக்கெண்ணெய் குடித்தால் வயிறு ஏன் போகிறது என்பதற்கு விடை கண்டார்கள். ரிசினோலியிக் அமிலம் எலியின் குடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடம்பே உண்டாக்கும் செய்திப் பொருள் வந்து ஒட்டும் ஒரு வகை ஏற்பியைத் தூண்டுகிறது என்பது அந்த விடை. அதே 2012இல் அமெரிக்காவில் வேறொரு குழு, வழுக்கை விழுந்த தலைத்தோலில் புரோஸ்டாகிளாண்டின்களில் ஒன்று அதிகமாக இருப்பதாகக் கண்டது. இரண்டிலும் ஒரே சொல் வருகிறது அல்லவா? உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எலியின் குடலில் நடந்ததையும் வழுக்கைத் தலையில் கண்டதையும் சேர்த்து, கன்னத்தில் தடவினால் தாடி என்று கணக்குப் போடுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் அதே பழைய வேலைதான்.

பிறகு ஏன் இத்தனை பேர் 'எனக்கு வளர்ந்தது' என்று சத்தியம் செய்கிறார்கள்? பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. இருபது வயதில் எதைத் தடவினாலும், எதையும் தடவாவிட்டாலும், அடுத்த மூன்று மாதத்தில் தாடி சற்றுக் கூடத்தான் செய்யும். தாடிமயிர் நாளொன்றுக்குச் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் நீளும். மூன்று மாதத்தில் மூன்று சென்டிமீட்டர். நீண்ட மயிர் பக்கத்து வெற்றிடத்தை மூடும். எண்ணெய் பட்ட மயிர் கறுத்து, பளபளத்து, தடித்துத் தெரியும். எண்ணெய் வைத்தியம் தொடங்கியவன் சவரக்கடைப் பக்கமும் போகமாட்டான். இவ்வளவும் சேர்ந்தால் கண்ணாடி என்ன காட்டும்? நுனி உடையாமலிருப்பதால் நீளம் தங்குகிறது என்பது மட்டும் எண்ணெய்க்கு உரிய உண்மையான புகழ். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

தடவும் முறை

நான் செய்வது இது. சின்னக் கண்ணாடிப் புட்டியில் மூன்று பங்கு தேங்காயெண்ணெய், ஒரு பங்கு விளக்கெண்ணெய். மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், புட்டியைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தினால் போதும். தேங்காயெண்ணெய் சிலருக்குப் பருவைக் கிளப்பும், அவர்கள் நல்லெண்ணெயையோ பாதாமெண்ணெயையோ வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒரு சொட்டை முழங்கையின் உள்மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவும். உதட்டுச்சாயத்தில் சேர்த்த விளக்கெண்ணெயால் சிலருக்கு உதடு வீங்கி உரிந்ததாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. அபூர்வம்தான், ஆனால் முகத்தில் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை.

குளித்து, துண்டால் ஒற்றியெடுத்து, தாடியில் ஈரம் லேசாக இருக்கும்போதே தடவ வேண்டும். எண்ணெய் ஈரத்தைக் கொடுப்பதில்லை, இருக்கும் ஈரத்தைப் பூட்டுகிறது. காய்ந்த தாடியில் தடவினால் பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இராது. விரற்கடை நீளத் தாடிக்குக் கலவையில் நான்கு சொட்டு தாராளம். உள்ளங்கை இரண்டையும் சூடு பிறக்கத் தேய்த்து, நுனியில் தொடங்கி அடிக்கு வர வேண்டும். பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏற்கெனவே எண்ணெய் வழியும் தோலுக்கே கொடுத்துவிட்டு, தாகத்தில் இருக்கும் நுனியைக் காயவிடுகிறார்கள். பிறகு அகலப்பல் மரச்சீப்பால் ஒரு முறை இழுத்துவிட்டால் எண்ணெய் சமமாகப் பரவும். தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அளவு அதிகம் என்று பொருள். துண்டால் ஒற்றிவிட்டு நாளைக்கு ஒரு சொட்டைக் குறைக்கவும்.

விளக்கெண்ணெயைத் தனியாக, கலக்காமல், கை நிறைய எடுத்துத் தேய்ப்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். பிசுக்கு போகாது என்பதோடு முடிவதில்லை. 2017இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில், விளக்கெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தேய்த்துத் தலைகுளித்த ஓர் இளம்பெண்ணின் நீண்ட கூந்தல் பறவைக் கூடு போலச் சுருண்டு, கல்லாக இறுகிப்போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிக்க முடியாமல் வெட்டியே ஆகவேண்டியிருந்தது. மிக மிக அரிதான சம்பவம், நீண்ட கூந்தலில் நடந்தது. இருந்தாலும் முழ நீளத் தாடி வைத்திருப்பவர்கள் தேய்த்துக் கசக்கிக் கழுவாமல், மேலிருந்து கீழாக நீவிக் கழுவுவது நல்லது.

கழுவுவதற்குச் சாதாரணச் சோப்பைவிட மென்மையான ஷாம்பு மேல். சீகைக்காய் பழகியவர்கள் அதையே பயன்படுத்தலாம், கண்ணை மட்டும் மூடிக்கொள்ளவும். எண்ணெய் வைத்த நாளன்றோ மறுநாளோ கழுவிவிட வேண்டும். பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெய் பூசிக்கொண்டே போனால், புழுதியும் செத்த தோலும் அதில் குழைந்து, தாடி நமக்குத் தெரியாமலே நாறத் தொடங்கும். வீட்டில் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

சிலர் எந்த எண்ணெயையும் தொடாமலிருப்பதே நல்லது. தாடிக்கு அடியில் வெள்ளைச் செதில் உதிர்ந்து அரிக்கிறது என்றால், 'வறட்சி, எண்ணெய் வைத்தால் சரியாகும்' என்று தோன்றும். பல சமயம் அது பொடுகு. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. எண்ணெய் தடவுவது அதற்குப் பந்தி பரிமாறுவதுதான். இரண்டு நாள் பணிந்ததுபோல் இருந்து மூன்றாம் நாள் கூடுதலாக உதிரும். பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் ஷாம்புதான் அங்கே வேலை செய்யும். அதேபோல் ஒரு ரூபாய் நாணயம் வைத்து வரைந்ததுபோல் வட்டமாக மயிர் கொட்டியிருந்தால் அது புழுவெட்டு. பெயரில் புழு இருக்கிறதே தவிர, உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்காலையே தாக்குவதால் வருவது. வட்டத்தின் ஓரம் சிவந்து தடித்து அரித்தால் படர்தாமரையாக இருக்கலாம். இரண்டுக்கும் எண்ணெய் மருந்தல்ல. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ளாமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். வளர்ச்சிதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களும் அங்கேதான் போக வேண்டும். அதற்கென்று மருந்து உண்டு, அதற்குப் பக்கவிளைவும் உண்டு. கடையில் தானாக வாங்கிப் பூசும் சமாச்சாரம் அல்ல.

புட்டியைப் பார்த்து வாங்குங்கள்

இந்த இடத்தில் உண்மையாகவே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பூஜைச் சாமான் அடுக்கில் 'தீப எண்ணெய்' என்று விற்பதில் பல மலிவு எண்ணெய்களும் செயற்கை வாசனையும் நிறமும் கலந்திருக்கும். விளக்குக்கு அது போதும், முகத்துக்கு ஆகாது. உள்ளடக்கம் என்ற இடத்தில் ஆமணக்கு எண்ணெய் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது. வறுக்காமல் பிழிந்த எண்ணெய் வெளிர் மஞ்சளாக, அதிக வாசனையில்லாமல் இருக்கும். அம்மாயி காய்ச்சியது போன்ற வறுத்த எண்ணெய் பழுப்பேறி, வாசனை தூக்கலாக இருக்கும். தாடிக்கு இரண்டும் செய்வது ஒரே வேலை. மூக்குக்கு மிக அருகில் நாள் முழுக்க இருக்கப்போகிற பொருள் என்பதால் நான் முன்னதை எடுப்பேன்.

'தாடி எண்ணெய்' என்று அழகான பெட்டியில் கால் புட்டி அளவை நூற்றுக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பாதாம், ஆமணக்கு, தேங்காய், ஏதோ ஒரு வாசனை. வாசனை பிடித்தால் வாங்கலாம், அதில் தப்பில்லை. எனக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் நூறு மில்லிப் புட்டி ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. வாங்கிய மாதத்தைப் புட்டியில் எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுவேன். பழைய கடலை போலக் காறல் வாசனை வந்துவிட்டால் தாடிக்கு வேண்டாம், கதவுக் கீலுக்கு விட்டுவிடலாம்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே போய், அக்காவின் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தான். இருபத்தாறு வயதில் அவன் அப்பா மணமேடையில் உட்கார்ந்திருக்கும் படம். மழித்த முகம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தானாம். படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தால், மழிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இருந்திருக்கவில்லை. அதே மனிதர் இன்று வாரம் இரண்டு முறை சவரக்கடைக்கு அழுதுகொண்டிருக்கிறார். அவன் ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு, புட்டியை என்னிடம் கொடுத்தான். நான் தேங்காயெண்ணெய் எடுக்க அடுப்படிக்குப் போனேன்.